அறிவு உள்ளே இருக்கிறதா? பள்ளி எதற்கு? இரண்டும் ஒரே கேள்வி அல்ல

கேள்வி இது: "பி.எட். பாடநூலில் பிளேட்டோவையும் ஜான் லாக்கையும் எதிரெதிரே வைத்து ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். அறிவு பிறவியிலேயே உண்டு என்பவர்களுக்குக் கல்வி 'வெளிக்கொணர்தல்'. மனம் வெற்றுத்தாள் என்பவர்களுக்குக் கல்வி 'நிரப்புதல்'. இந்தப் பிரிப்பு சரிதானா? இருவரில் யார் பக்கம் நிற்பது?"

அட்டவணை தேர்வில் ஐந்து மதிப்பெண் வாங்கித் தரும். ஆனால் மூலநூல்களைத் திறந்த சில பக்கங்களிலேயே அது ஆட்டம் கண்டுவிடும். பிறவி அறிவு உண்டா இல்லையா என்பதிலிருந்து கற்பிக்கும் முறையைப் பற்றி ஏதோ கொஞ்சம் ஊகிக்கலாம். கல்வியின் நோக்கம் அதிலிருந்து பிறப்பதில்லை. இந்தக் குழந்தை வளர்ந்து யாராக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்த இடத்திலிருந்து பிறக்கிறது. பண்டைக் கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோ, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி லாக் இருவருமே இதற்குச் சாட்சி.

பிளேட்டோவின் 'மேனோ' உரையாடலிலிருந்து தொடங்குவோம். அங்கே முதலில் எழுவது அறிவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அல்ல. நற்பண்பைக் கற்பிக்க முடியுமா என்பதுதான். பேச்சு சிக்கலாகி நிற்கும்போது, அங்கே சாக்ரடீஸோடு வாதிடும் மேனோ ஒரு முட்டுக்கட்டை போடுகிறான்: தெரியாத ஒன்றை எப்படித் தேடுவாய்? எதிரே வந்து நின்றாலும் நீ தேடியது அதுதான் என்று எப்படி அறிவாய்? இதற்குப் பதிலாகத்தான் சாக்ரடீஸ், உயிர் பல பிறவி எடுத்து எல்லாவற்றையும் ஏற்கெனவே கற்றிருக்கிறது, நாம் கற்பது என்று சொல்வதெல்லாம் நினைவுகூர்தலே என்கிறார். நிரூபித்துக் காட்டு என்று மேனோ கேட்க, அவன் கூட்டிவந்த அடிமைச் சிறுவர்களில் ஒருவனை அழைக்கிறார்.

அந்தக் காட்சியை மெதுவாகப் பார்க்க வேண்டும். பக்கம் இரண்டு அடி கொண்ட ஒரு சதுரம் வரைகிறார் சாக்ரடீஸ். பரப்பு நான்கு சதுர அடி. இதைப் போல இருமடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு? பையன் தயங்கவே இல்லை: பக்கத்தையும் இருமடங்காக்கு, நான்கு அடி. வரைந்து பார்த்தால் பதினாறு சதுர அடி வருகிறது, வேண்டியது எட்டு. சரி, இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே, மூன்று அடி என்கிறான். அது ஒன்பது. இங்கேதான் பையன், சேயுஸ் மேல் ஆணையாக எனக்குத் தெரியவில்லை சாக்ரடீஸ், என்று கைவிரிக்கிறான். பிறகு சாக்ரடீஸ் நான்கு அடிப் பக்கமுள்ள பெரிய சதுரத்தை நான்கு சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு மூலைவிட்டம் போடுகிறார். நான்கு மூலைவிட்டங்களும் சேர்ந்து நடுவே சாய்ந்த ஒரு சதுரத்தை அடைக்கின்றன. ஒவ்வொரு சிறு சதுரத்திலும் பாதி, அதாவது இரண்டு சதுர அடி. நான்கு பாதிகள் சேர்ந்தால் எட்டு. எந்தக் கோட்டின் மேல் அமைந்த சதுரம் இது என்று கேட்க, பையன் மூலைவிட்டத்தைக் காட்டுகிறான்.

மூலைவிட்டத்தைப் போட்டது யார்? சாக்ரடீஸ். பையனாக அதை எட்டவில்லை. 'நான் கற்பிக்கவில்லை, கேள்விதான் கேட்டேன்' என்று அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிற ஆசிரியர், வகுப்பில் கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்டுப் பழகியவராகத்தான் இருப்பார். சாக்ரடீஸ் முதலில் கேட்ட கேள்வியையும் கவனியுங்கள்: இவனுக்குக் கிரேக்க மொழி தெரியுமா? தெரியும், எங்கள் வீட்டிலேயே பிறந்தவன் என்கிறான் மேனோ. மொழியை யாரோ கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கொடை இல்லாமல் இந்தச் சோதனை தொடங்கியே இருக்காது.

அதற்காகக் காட்சி மோசடி ஆகிவிடாது. மூலைவிட்டத்தைப் போட்டுக்காட்டலாம், அதன் மேல் அமைந்த சதுரம் எட்டுதான் என்று ஒப்புக்கொள்ள வைக்க எந்த அதிகாரத்தாலும் முடியாது. அதைப் பையன்தான் பார்க்க வேண்டும், பார்த்தான். முன்னிரண்டு விடையும் தப்பு என்று கண்டதும் அவனேதான். சொல்லிக்கொடுத்தாலும் புரிதல் கேட்பவனுக்குள்தான் நடக்கிறது. பிளேட்டோ பிடித்த உண்மை இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். முற்பிறவிக் கதைக்கு சாக்ரடீஸே அழுத்தம் கொடுக்கவில்லை. மற்றதையெல்லாம் உறுதியாகச் சொல்ல மாட்டேன், தெரியாததைத் தேட வேண்டும் என்று நம்பினால் நாம் மேலானவர்களாகவும் துணிச்சலுள்ளவர்களாகவும் சோம்பல் குறைந்தவர்களாகவும் ஆவோம் என்பதற்கு மட்டும் போராடுவேன் என்கிறார். பாடநூல் அட்டவணைகளில் இந்த வரி இடம்பெறுவதே இல்லை.

2011-இல் அர்ஜென்டினாவில் சில ஆய்வாளர்கள் இதே உரையாடலை இன்றைய மனிதர்களிடம், ஏறக்குறைய அதே கேள்விகளோடு நடத்திப் பார்த்தார்கள். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட அந்தப் பையனின் தப்புகளையே பெரும்பாலும் இவர்களும் செய்தார்கள். கடைசியில் விடையையும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு வேறு அளவுள்ள ஒரு சதுரத்தைக் கொடுத்து இதை இருமடங்காக்கு என்றபோது, ஏறத்தாழப் பாதிப்பேருக்கு முடியவில்லை. கண்டதும் தலையாட்டுவது ஒன்று, கையில் அறிவு தங்குவது ஒன்று. பிளேட்டோ இதையும் விட்டுவைக்கவில்லை: பையனிடம் இப்போது இருப்பது கனவு போலக் கிளம்பிய கருத்துகள்தான், இதையே பலமுறை, பலவிதமாகக் கேட்டால்தான் அறிவாகும் என்று அங்கேயே சொல்லிவைத்திருக்கிறார்.

சரி, நோக்கம்? அந்தப் பையனுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. பெயர்கூட இல்லாமல் வந்தான், மேனோவின் அடிமையாகவே திரும்பிப் போனான். வடிவியல் முழுவதும் அவன் உயிருக்குள் இருக்கிறது என்று நிரூபித்தவர்கள் அவனைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லவில்லை. நற்பண்பு எங்கிருந்து வருகிறது என்ற முதல் கேள்விக்கு உரையாடல் கடைசியில் தரும் விடை இன்னும் வேடிக்கை: பிறவியாலும் வருவதில்லை, கற்பித்தும் வருவதில்லை, தெய்வ அருளால் வருகிறதாம். அது சாக்ரடீஸின் உண்மையான முடிவா குத்தலா என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை ஓயவில்லை.

'குடியரசு' நூலுக்குப் போனால் கல்வியின் நோக்கம் தெளிவாகவே இருக்கிறது. குருட்டுக் கண்ணில் பார்வையை வைப்பதல்ல கல்வி, ஏற்கெனவே பார்வையுள்ள கண்ணைச் சரியான பக்கம் திருப்புவது என்ற புகழ்பெற்ற இடம் அங்கேதான் வருகிறது. அழகான கருத்து. அதே நூலில்தான் குழந்தைகளுக்கு எந்தக் கதையைச் சொல்லலாம், ஹோமரின் காவியங்களில் எதை வெட்ட வேண்டும் என்ற தணிக்கையும், சிலர் பொன் கலந்து, சிலர் வெள்ளி கலந்து, மற்றவர் இரும்பும் வெண்கலமும் கலந்து பிறந்தவர்கள் என்று குடிமக்களை நம்பவைக்க வேண்டிய பொய்யும் இருக்கின்றன. எல்லோருக்கும் கண் உண்டு. எல்லோரையும் கடைசிவரை திருப்பப் போவதில்லை. எவ்வளவு தூரம் திருப்புவது என்பதைத் தீர்மானிப்பது நகரத்தின் தேவை. 'வெளிக்கொணர்தல்' என்ற ஒற்றைச் சொல்லில் இந்தத் தணிக்கையும் பொய்யும் அடங்குமா?

இப்போது லாக். 1689 முடிவில் வெளிவந்த அவருடைய மனித அறிவு பற்றிய பெருநூலின் முதல் பகுதி முழுவதும் பிறவிக் கருத்துகளை மறுப்பதற்கே. 'உள்ளது உள்ளது' போன்ற கோட்பாடு எல்லார் மனத்திலும் பதிந்திருக்கிறது என்கிறீர்களே, குழந்தைகளுக்கு அது தெரியவில்லையே, மனத்தில் இருந்தும் மனம் அறியாத கருத்து என்றால் என்ன பொருள் என்று கேட்கிறார். வாதம் நன்று. ஆனால் அவர் ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறார் என்பது முதல் பகுதியின் முடிவில்தான் தெரியும். சில கோட்பாடுகள் பிறவியிலேயே உள்ளவை என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், அவற்றைக் கேள்வி கேட்கக் கூடாது என்றாகிவிடும். பிறகு எது பிறவிக் கோட்பாடு என்று அறிவிக்கும் அதிகாரம் ஆசான்கள் கையில் போய்விடும். மாணவன் தன் புத்தியை மூட்டை கட்டி வைத்துவிட்டு நம்ப வேண்டியதுதான். லாக்கின் வெற்றுத்தாள் ஆசிரியர் இஷ்டத்துக்கு எழுதக் கொடுத்த தாள் அல்ல. மாணவன் கேள்வி கேட்கும் உரிமையைக் காப்பதற்காகச் செய்த வாதம் அது. நிரப்புகிற கல்விக்கு லாக்கைத் தந்தை ஆக்கியவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டவில்லை என்றே தோன்றுகிறது.

கல்வி பற்றி அவர் எழுதிய நூல் 1693-இல் வந்தது. நண்பர் எட்வர்ட் கிளார்க்கின் மகனை எப்படி வளர்ப்பது என்று எழுதிய கடிதங்களிலிருந்து திரண்டது. மனிதர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நல்லவராவதும் கெட்டவராவதும் கல்வியால்தான் என்று தொடங்குகிறது. முடியும்போது, அந்தச் சிறுவனை வெற்றுத்தாளாகவோ மெழுகாகவோ மட்டும் எண்ணி எழுதினேன் என்கிறார். நடுவிலோ, கடவுள் ஒவ்வொருவர் மனத்திலும் சில இயல்புகளை முத்திரையிட்டிருக்கிறார், உடம்பின் வடிவத்தைப் போல அவற்றைக் கொஞ்சம் சீராக்கலாமே தவிர முழுக்க மாற்ற முடியாது என்று எழுதுகிறார்! கருத்துகள் பிறவியில் இல்லை; சுபாவம் உண்டு, ஆற்றல் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவரை லாக்கில் முரண்பாடு இல்லை.

அந்த நூலில் மனப்பாடத்துக்கு மரியாதை கிடையாது. அடித்து வளர்த்தால் அடிமைச் சுபாவம்தான் வரும் என்கிறார். எழுத்தறிவிக்க அவர் சொல்லும் வழி, பல பக்கங்கள் கொண்ட ஒரு தந்தப் பந்தில் எழுத்துகளை ஒட்டி உருட்டி விளையாடவிடுவது. நற்பண்பு, விவேகம், நடத்தை, கல்வி என்று நான்கை வரிசைப்படுத்தி ஏட்டுக் கல்வியைக் கடைசியில் வைக்கிறார். நிரப்புவதில் ஆர்வமுள்ளவர் செய்கிற வேலையா இது?

ஆனால் இதே லாக், 1697-இல் வணிக வாரிய உறுப்பினராக ஏழைகள் நிவாரணம் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதில் ஏழைப் பிள்ளைகளுக்கும் பள்ளி உண்டு. மூன்று வயதுக்கு மேல் பதினான்குக்குள், ஊர் நிவாரணத்தை எதிர்பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைகள் அனைவரும் 'தொழிற்பள்ளி'யில் நூல் நூற்கவோ பின்னவோ வேண்டும். சாப்பாடு வயிறார ரொட்டி. குளிர் காலத்தில், தேவையென்றால், கொஞ்சம் சுடுகஞ்சி. அந்தக் கஞ்சிக்கு என்று தனி விறகுகூட வேண்டாமாம். அறையைச் சூடாக்கும் நெருப்பிலேயே பானையை வைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். பிள்ளைகளின் உழைப்பே செலவை ஈடுகட்டிவிடும் என்பது திட்டத்தின் பெருமை. சட்டமாகவில்லை. தந்தப் பந்து, கேள்வி கேட்கும் பழக்கம், இவை எதுவும் அந்த அறிக்கையில் இல்லை.

கனவான் வீட்டுப் பிள்ளையின் மனமும் வெற்றுத்தாள், நூற்கும் பிள்ளையின் மனமும் வெற்றுத்தாள். கோட்பாடு ஒன்று, கல்வி இரண்டு. உங்கள் அட்டவணைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு வேண்டியதில்லை. லாக்கைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை (திட்டுவதற்கும் இடமுண்டு). அறிவுக் கோட்பாட்டில் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், பள்ளி எதற்கு என்று வரும்போது அவர் விடை தேடிய இடம் வேறு.

ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் லாக்குக்கு வரிக்கு வரி பதில் எழுதினார். 1704-இல் லாக் இறந்துவிடவே, இறந்தவரோடு வாதாட விரும்பாமல் வெளியிடாமல் வைத்துவிட்டார். நூல் அச்சேறியது 1765-இல். மனம் வழுவழுப்பான பளிங்கு அல்ல, ரேகை ஓடிய பளிங்கு, அந்த ரேகைகள் ஹெர்குலிஸின் உருவத்துக்கு இசைவாக ஓடினால் சிலை ஒருவகையில் அதில் பிறவியிலேயே இருக்கிறது, ஆனாலும் செதுக்கும் உழைப்பு வேண்டும் என்றார். இருவரையும் அருகருகே வைத்துப் படித்தால் இடைவெளி பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. ஆற்றல் உண்டு என்கிறார் லாக். வெறும் ஆற்றல் என்று ஒன்று இல்லை, அதற்கும் ஒரு சாய்வு உண்டு என்கிறார் லைப்னிட்ஸ். வகுப்பறையில் இரண்டுக்கும் ஒரே உளிதான் தேவைப்படும்.

ரூசோவைப் பற்றி இங்கே அதிகம் வேண்டாம். 1762-இல் வந்த, எமில் என்ற கற்பனைச் சிறுவனின் கல்வியைச் சொல்லும் 'எமில்' நூலின் தொடக்கத்திலேயே, மனிதனை உருவாக்குவதா குடிமகனை உருவாக்குவதா என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்று நோக்கத்தை முதலில் மேசைமேல் வைக்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஐந்தாம் பகுதியில் எமிலுக்கு மனைவியாகப் போகும் சோபிக்கு அவர் ஒதுக்கும் கல்வியைப் படித்தால், 'இயற்கை' என்ற சொல் எவ்வளவு வசதியானது என்பது புரியும்.

வெற்றுத்தாளை உண்மையாகவே நம்பிச் செயல்படுத்தியவர் பிரிட்டிஷ் சிந்தனையாளர் ஜேம்ஸ் மில். மகன் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன். இருபது வயதில், 1826-இல், அந்த மகன் மனம் உடைந்து உட்கார்ந்தார்: நான் விரும்பும் சீர்திருத்தமெல்லாம் இந்த நொடியே நடந்துவிட்டால் எனக்கு மகிழ்ச்சியா? இல்லை என்று உள்ளிருந்து பதில் வந்ததாகத் தன் வரலாற்றில் எழுதுகிறார். இதைக் காட்டிப் பிறவி அறிவுக்காரர்கள் வென்றதாக எடுத்துக்கொள்ள முடியாது. கடைசிவரை மகன் மில் பிறவி உள்ளுணர்வுக் கொள்கையின் எதிரிதான். பொய்க் கொள்கைகளுக்கும் கெட்ட அமைப்புகளுக்கும் பெரிய முட்டு அதுவே என்றார். லாக்கின் அதே கோபம்.

தமிழ் வாசகருக்கு உடனே நினைவுக்கு வருவது, 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்ற குறள். நீர் அடியில் இருக்கிறது, தோண்டுவது நம் வேலை என்று அதைப் பிறவி அறிவுக்குச் சான்றாக்குவார்கள். எனக்கு அது இழுத்துப் பிடித்த பொருளாகப் படுகிறது. எவ்வளவு கற்கிறாயோ அவ்வளவு ஊறும் என்று அளவைப் பற்றித்தான் வள்ளுவர் பேசுகிறார்.

நம்மிடம் இந்தக் கேள்வியை நேராக எடுத்தவர்கள் சைவ சித்தாந்திகள். மெய்கண்டாரின் நிலைப்பாடு பிளேட்டோவும் இல்லை, லாக்கும் இல்லை. உயிருக்கு அறியும் இயல்பு உண்டு. ஆனால் அறிவித்தால்தான் அறியும். கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தும் இருட்டில் தானாகக் காணாதது போல. சிவஞானபோதத்தின் எட்டாம் நூற்பா, 'ஐம்புல வேடரின் அயர்ந்தனை வளர்ந்தென' என்று தொடங்கி, வேடர்களிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனுக்குத் தந்தையே வந்து நீ யார் என்று உணர்த்துவதைப் போல இறைவனே குருவாய் வருகிறான் என்கிறது. ஏற்கெனவே அவன் அரசகுமாரன்தான், யாரும் புதிதாக ஆக்கவில்லை. ஆனால் தோண்டினால் தானாக ஊறிவரும் சங்கதியும் அல்ல. ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நான் மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு இங்கேதான் உண்டு. அறிவதே வீடுபேறு என்றால், அறிவின் இயல்பும் கல்வியின் நோக்கமும் ஒன்றாகிவிடும். பள்ளிக்கூடம் வீடுபேற்றுக்காக நடத்தப்படுவதில்லை என்பதால் அந்தப் பிணைப்பு நமக்குக் கைகொடுக்காது. மனிதனுள் ஏற்கெனவே இருக்கும் முழுமையை வெளிப்படுத்துவதே கல்வி என்று விவேகானந்தர் 1894-இல் சிகாகோவிலிருந்து தன் சென்னைச் சீடருக்கு எழுதிய வரியும் இந்த வகைதான். வேதாந்தத்தில் அதற்கு வேர் உண்டு. பள்ளி விளம்பரப் பலகையில் அந்த வேர் இருக்காது.

இன்றைய நிலை? மொழியும் பழக்கத்தால் வருவதே என்ற உளவியலாளர் ஸ்கின்னரின் நூலை மறுத்து, 1959-இல் மொழியியலாளர் சாம்ஸ்கி எழுதிய மதிப்புரைக்குப் பிறகு, முழு வெற்றுத்தாள் என்று சொல்ல ஆள் குறைவு. நம் வீட்டிலேயே பார்க்கலாம். மூன்று வயதுக் குழந்தை 'எனக்குப் பசிக்குது' என்கிறது, 'நான் சாப்பிடுறேன்' என்கிறது. எங்கே 'எனக்கு', எங்கே 'நான்' என்று அதற்கு யாரும் இலக்கணம் எடுக்கவில்லை. கேட்டால் நமக்கே விதி சொல்ல வராது. அந்த விதியின் எவ்வளவு பங்கு பிறவி, எவ்வளவு கேட்டுப் பழகியது என்பதில் மொழியியலார் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே குழந்தைக்கு 247 எழுத்துகளை ஒருவர் உட்கார்ந்து கற்பித்தே ஆகவேண்டும். 'வந்துட்டான்' தானாக வரும், 'வந்துவிட்டான்' பள்ளியில்தான் வரும். எழுத்து மனிதனிடம் வந்து ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் சற்றுத்தான் ஆகிறது; அதற்கென்று பிறவிச் சொத்து எதுவும் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே எல்லாம் குழந்தைக்குள்ளேயே இருக்கிறது, விட்டால் தானாக வரும் என்று எழுத்தறிவிப்பைத் தள்ளிப்போடுகிறவர், தத்துவத்தின் பெயரால் யாரோ ஒரு பிள்ளையைக் கைவிடுகிறார். வீட்டில் படித்தவர்கள் இருக்கும் பிள்ளை தப்பித்துக்கொள்ளும். இல்லாத பிள்ளை?

நோக்கம் எங்கே முடிவாகிறது என்பதற்கு நம் ஊர் உதாரணம் ஒன்றும் உண்டு. 1953-இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்றது. இருக்கும் ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டு இரண்டு வேளையாக அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். 1954-இல் ராஜாஜி விலகி, காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. பிறவிக் கருத்துகள் உண்டா என்று யாராவது சட்டமன்றத்தில் வாதிட்டார்களா? வண்ணார் மகன் யாராக வேண்டும் என்பதுதான் அங்கே சண்டை.

யார் பக்கம் நிற்பது என்று கேட்டிருந்தீர்கள். அறிவைப் பொறுத்தவரை நான் லைப்னிட்ஸுக்கு அருகில். கேள்வி கேட்கும் உரிமையைப் பொறுத்தவரை லாக்குடன், அந்த 1697 அறிக்கையை நீக்கிவிட்டு. படிக்கத் தொடங்குவதானால் 'மேனோ'வை முதலில் எடுங்கள், சிறியது, ஒரே மாலையில் முடிந்துவிடும். பையன் வரும் இடத்தில் ஒரு தாளில் நீங்களே சதுரத்தைப் போட்டுக்கொண்டே படியுங்கள். லாக்கின் பெருநூலில் முதல் பகுதியின் கடைசி அத்தியாயமும் இரண்டாம் பகுதியின் தொடக்கமும் போதும். கல்வி நூலை முழுதாகப் படிக்கலாம், குழந்தைக்கு எந்தப் பழம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம்கூட அதில் இருக்கிறது.